முதல் குடத்துக்குத் தண்ணீர்

வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறவர்கள் என்று உலகத்தில் ஒரு வகை உண்டு. வழக்கத்தை விட்டுவிட்டவர்கள் என்று இன்னொரு வகை உண்டு. இந்த இரண்டு பேர் மேலும் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. நான் சொல்ல வந்தது மூன்றாவது வகையைப் பற்றி. இவர் வழக்கத்தைக் காப்பாற்றுகிறவர். கடைப்பிடிக்க இவருக்கு நேரம் இல்லை, ஏனென்றால் காப்பாற்றுவதற்கே ஒரு நாள் போதவில்லை.

ஓசூர்ப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். போட்டோ எடுக்கிறவருக்கும் மணமேடைக்கும் நடுவில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ ஒன்று குறைகிறது என்ற முகத்தோடு நிற்பார். சீர்த்தட்டு ஏழு வைத்தால் ஐந்துதான் நம்ம வழக்கம் என்பார். ஐந்து வைத்தால் மீதி இரண்டு எங்கே என்பார். குழந்தைக்குப் பேர் வைக்கிற இடத்தில் கேக் வெட்டினால், "இதெல்லாம் நம்மள்ல உண்டா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டு, முட்டை போடாததாகப் பார்த்து இரண்டு துண்டு வாங்கிக்கொள்வார். விடியற்காலை ஐந்தரைக்கு, அதாவது மூன்றாம் ஷிப்ட் முடிந்து வந்தவன் படுக்கப்போகிற நேரத்துக்கு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இவருடைய குரல் வரும். ஏழு நிமிடத்துக்குக் குறையாது. தொடக்கம் எப்போதும் ஒன்றுதான்: "எங்கப்பா காலத்துல..."

எங்கள் வகையறாவில் இவருக்குப் பெயர் பரமசிவம். எனக்குப் பங்காளி, முறைக்கு அண்ணன். சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருசம் வேலை பார்த்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றார். நான் அதே பேட்டையில் வேறொரு பட்டறையில் லேத் ஓட்டினேன். எங்களுக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற வழியில் ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது. மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. அதில் முக்கால்வாசி இப்போது ஓசூரில்தான் குடியிருக்கிறது. நாங்கள் தமிழில் பேசி, கன்னடத்தில் பேரம் பண்ணி, தெலுங்கில் திட்டிக்கொள்கிற ஜனங்கள். மூன்று மொழியிலும் எங்களுக்குள் சண்டைக்குக் குறைவில்லை.

எங்கள் குலதெய்வம் பெட்டத்தம்மன். ஊரிலிருந்து பதினாலு கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் ஒரு குன்றின் மேல் இருக்கிறாள். மூன்று வருசத்துக்கு ஒருமுறை ஆடி மாதத்தில் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் அவளுக்கு ஊற்ற வேண்டும். முதல் குடம் பரமசிவம் அண்ணன் வீட்டுடையது. அந்தக் குடம் நிரம்பித் தெருவில் இறங்கினால்தான் மற்ற நாற்பத்தோரு குடமும் அசையும். எங்கள் வகையறாவில் பெரிய மரியாதை என்றால் அதுதான்.

அண்ணனுடைய அப்பா முனியப்பா அந்தக் குடத்தை நாற்பது வருசம் தூக்கினார். அவர் ஒன்றும் மகான் இல்லை. கோபக்காரர், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் முதலில் வரும். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று யாராவது கேட்டால், தெலுங்கில் நாலு வார்த்தை சொல்லி அனுப்புவார். வருசம் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். அவ்வளவுதான்.

மகன் எத்தனை முறை நடந்தார் தெரியுமா? சும்மா ஒரு எண் சொல்லிப் பாருங்கள். கல்யாணம் ஆன வருசம் ஒருமுறை நடந்தார். அடுத்த முறை செகண்ட் ஷிப்ட். அதற்கு அடுத்த முறை லீவு கிடைத்தது, ஆனால் ஓவர்டைமும் கிடைத்தது. அப்புறம் கூலிக்கு ஒரு ஆள் குடத்தைத் தூக்கினான், அதற்கப்புறம் டெம்போ தூக்கியது. இப்படியே போயிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அண்ணன் ஓய்வு பெற்றார். கம்பெனியில் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில் வழக்கம் அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது.

முதல் வேலையாகத் திருவிழாவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். எல்லாருக்கும் மஞ்சள் பனியன், முதுகில் அம்மன் படம், அதற்குக் கீழே அவர் போன் நம்பர். அடிவாரம் வரைக்கும் வேன், அங்கேயிருந்து கோயிலுக்கு நானூறு மீட்டர் மேளத்தோடு நடை. குடத்துக்குத் தண்ணீர், சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, இருபது லிட்டர் கேனிலிருந்து. ட்ரோன் கேமராவும் ஏற்பாடு செய்திருப்பார், யானை மிரண்டால் யார் பொறுப்பு என்று வனத்துறைக்காரர் கேட்டதால் விட்டுவிட்டார். இவ்வளவையும் செய்துவிட்டு, "ஏழு தலைமுறையா நடக்கிற வழக்கம், ஒரு அணு பிசகக்கூடாது" என்று குரூப்பில் பேசினார். ஏழு தலைமுறைக்கு முன்னால் எங்கள் முன்னோர்களுக்கு எந்தக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை வாரவிடுமுறை கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பனியன் எனக்கு அளவாக இருந்தது.

வராதவர்கள் பெயரைத் திங்கட்கிழமை குரூப்பில் போட்டார். அதற்குப் பிறகு ஒரு பெருமூச்சு, பெருமூச்சுக்குப் பிறகு, "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு நம்ம வழக்கம் ஒண்ணும் தெரியாது." இதை அவர் முக்கியமாகச் சொன்னது தன் மகள் கவிப்ரியாவைப் பார்த்துத்தான். சாப்பிடும்போது சொல்வார். டிவி விளம்பர இடைவேளையில் சொல்வார். அவள் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற நேரத்திலும் சொல்வார். அண்ணன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தப்பு இதுதான். ஏனென்றால் ஒருநாள் அந்தப் பெண், சரி, தெரிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

கவிப்ரியாவுக்கு போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது, ஆட்கள் என்ன செய்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆடி பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பா எதிரில் உட்கார்ந்தாள். நானும் அன்றைக்கு அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"முதல் குடத்த எப்பிடிப்பா நிரப்பணும்?"

"இது என்னா கேள்வி? தண்ணி ஊத்தி நிரப்பணும்."

"எந்தத் தண்ணி?"

"நல்ல தண்ணி."

"தாத்தா கேன்ல இருந்தா ஊத்தினாரு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

"எங்கப்பா காலத்துல எல்லாம் முறையா நடந்துச்சி. சந்தேகம்னா கௌஸ் பாய் கடையில கேளு. அப்பா சாமான் வாங்கறது அங்கதான்" என்றார். பெரிய நம்பிக்கையோடு சொன்னார். நம்மைப் பற்றி அடுத்தவர் நல்லதைத்தான் ஞாபகம் வைத்திருப்பார் என்று நினைக்கிற நம்பிக்கை.

அடுத்த வாரமே மூன்று பேரும் காரில் தேன்கனிக்கோட்டை போனோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கௌஸ் மொய்தீனின் கடை. மஞ்சள், கற்பூரம், கயிறு, பித்தளைக் குடம் எல்லாம் கிடைக்கும். அவருடைய அத்தா, அதாவது அப்பா, தொடங்கிய கடை. சுற்றுப்பட்டு ஊர்களின் திருவிழாவுக்கெல்லாம் அங்கேதான் சாமான் போகிறது. அதனால் எங்கள் சாமிக்கு என்ன பிடிக்கும் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொன்னார், கவிப்ரியா எழுதிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைதான். ஊரிலிருந்தே நடை, காலில் செருப்பு கிடையாது. குடம் நிரம்பியதிலிருந்து ஊற்றுகிற வரைக்கும் பேச்சு கிடையாது, சாப்பாடு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அண்ணன், "அதேதான், அதேதான் நானும் சொல்லிகினு இருக்கறது" என்று தலையாட்டினார்.

"அப்புறம் முதல் குடத்துத் தண்ணி" என்றார் கௌஸ் மொய்தீன். "அது சொந்த வீட்டுத் தண்ணி கிடையாதும்மா. அந்த வருசம் உங்க தாத்தாவுக்கு யாரோட பேச்சுவார்த்தை இல்லையோ, அவங்க வாசல்ல போயி நின்னு, கேட்டு வாங்கணும். அவங்க கையால ஊத்தணும். அந்தத் தண்ணிதான் முதல்ல போவணும்."



"இது எந்தக் காலத்து வழக்கம் பாய்?" என்றார் அண்ணன்.

"உங்க அப்பா காலத்து வழக்கங்க. ஒரு வருசம் எங்க அத்தாகிட்டயே பேச்சில்ல. அழுகின தேங்கா குடுத்துட்டாருன்னு சண்ட. திருவிழா அன்னிக்கு விடியறதுக்குள்ள ஆறு கிலோமீட்டர் நடந்து வந்து, இதே வாசல்ல குடத்தோட நின்னாரு. வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் வருது. திட்டிகினேதான் குடத்த நீட்டினாரு. அத்தாவும் திட்டிகினேதான் ஊத்தினாரு. அன்னிக்கு எங்க கடைத் தண்ணிதான் உங்க அம்மனுக்கு முதல்ல போச்சு."

"வேற யாராவது போயி வாங்கலாமா மாமா?" என்று கேட்டாள் கவிப்ரியா.

"வாங்கலாம். வெறும் தண்ணியா இருக்கும்."

இனி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பரமசிவம் அண்ணனுக்கு யாரோடு பேச்சில்லை என்பது நாற்பத்திரண்டு வீட்டுக்கும் தெரியும். சென்னகிருஷ்ணனோடு. அண்ணனுக்குச் சித்தப்பா மகன், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பதினோரு வருசத்துக்கு முன்னால் சென்னகிருஷ்ணன் தன் மகள் சுஜாதாவுக்குக் கல்யாணம் செய்தார். பத்திரிகையில் அண்ணன் பெயரை, பெங்களூர்த் தாய்மாமன் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அதுவும் சின்ன எழுத்தில். அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை, அவருக்காக நாங்களும் பாதிப்பேர் போகவில்லை. ஊரில் இரண்டு பேர் வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் அண்ணன் ஒரு சுவர் எழுப்பினார். சுவர் தெருவோடு முடிந்துவிடுகிறது என்பதால், இந்த வாசற்படியிலிருந்து அந்த வாசற்படிக்குப் பன்னிரண்டு அடி. போன வருசம் சென்னகிருஷ்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோதுகூட அந்தப் பன்னிரண்டு அடியை யாரும் தாண்டவில்லை.

மறுநாள் ஐந்தரைக்குக் குரூப்பில் குரல் வந்தது, ஒன்பது நிமிடம். இனிமேல் செவ்வாய்க்கிழமை. இனிமேல் வேன் கிடையாது. செருப்பு கிடையாது, பேச்சு கிடையாது, சாப்பாடு கிடையாது. "அப்பா காலத்துல எப்பிடியோ அப்பிடியே." நாங்கள் கும்பிடுகிற கைப்படத்தை ஆளுக்கொன்று அனுப்பினோம்.

அதற்குக் கீழே கவிப்ரியா எழுதினாள்: "முதல் குடத்துத் தண்ணி பத்தி கௌஸ் மாமா சொன்னது விட்டுப்போச்சு." பிறகு அதையும் முழுசாக எழுதினாள். எல்லாரும் படித்ததற்கு நீலக்குறி விழுந்தது. சென்னகிருஷ்ணனும் அதே குரூப்பில்தான் இருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து யாரோ ஒரு ரோஜாப்பூ அனுப்பினார்கள்.

அண்ணன் கமிட்டி போட்டார். இந்த வகை ஆளுக்கு ஒரு கஷ்டம் வந்தால் உடனே கமிட்டி பிறந்துவிடும். தலைவர் அவர், உறுப்பினர்களில் நானும் ஒருவன். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பேக்கரியில் கூடினோம். வெஜ் பப்ஸ் சாப்பிட்டோம், டீ குடித்தோம், இந்த முதல் குடத்து விஷயத்துக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் இல்லை என்று கண்டுபிடித்தோம். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தக் கல்வெட்டு ஆதாரமாக இருந்தது? மஞ்சள் பனியனுக்கு எந்தச் செப்பேடு? பப்ஸ் சூடாக இருந்தது, நான் கையெழுத்துப் போட்டேன்.

"ஆதாரம் இல்லைனா செவ்வாய்க்கிழமைக்கும்தானப்பா இல்ல?" என்று கேட்டாள் மகள்.

"அது வேற."

"எப்பிடி வேற?"

"உனக்குச் சொன்னா புரியாது."

அவள் நோட்டை மூடிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்ததைப் பார்த்தேன். அவள் சாமிக்காக அழவில்லை. சின்ன வயதில் அவளைத் தோளில் உட்காரவைத்து யானைத்தடம் காட்டியவர் சென்னகிருஷ்ணன். சுஜாதா கல்யாணத்தன்று, பட்டுப்பாவாடை கட்டி ரெடியாக இருந்தவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவர் அவள் அப்பா. அந்தச் சித்தப்பா மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வழியை அவள் தாத்தனே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்தபோது சந்தோஷப்பட்டிருப்பாள்.

ஆடி மூன்றாம் செவ்வாய். ஆறரைக்கு மேல் கிளம்பி நாலு மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று வனத்துறையில் சொல்லியிருந்தார்கள். ஆறு மணிக்கே அண்ணன் வாசலில், சென்னகிருஷ்ணன் வீட்டுக் குடத்தைத் தவிர மற்ற நாற்பது காலிக் குடமும் வரிசையாக நின்றன. என்னுடையது எட்டாவது குடம். அண்ணன் வேட்டி மட்டும் கட்டி, வெறுங்காலோடு, பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். உண்மையைச் சொன்னால், அச்சு அசல் அவர் அப்பா மாதிரியே இருந்தார்.

அப்போது பக்கத்து வாசல் திறந்தது. சென்னகிருஷ்ணன் வந்து படியில் நின்றார். குளித்து, திருநீறு பூசி, புது வேட்டி கட்டியிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆள் பாதியாகியிருந்தார். இரண்டு கையாலும் ஒரு செம்பு நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், தெருவைப் பார்த்து நின்றார். தண்ணீர் கொஞ்சம் படியில் சிந்தியது.



கவிப்ரியா அப்பா பக்கத்தில் போய், குரலை இறக்கிச் சொன்னாள். "அவரு வந்து நிக்கிறாருப்பா."

"நிக்கட்டும்."

"நீங்க ஒண்ணும் பேச வேணாம். திட்டினாலும் பரவால்ல. போயி குடத்த மட்டும் நீட்டுங்க."

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பினார். ஒரு காலை எடுத்தும் வைத்தார், நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு எங்கள் நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். நாங்கள் இல்லாமல் இருந்திருந்தால் போயிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"யானை எறங்கறதுக்குள்ள போயாவணும், நேரமாவுது" என்று சொல்லி, உள்ளேயிருந்து கேனைக் கொண்டுவரச் சொன்னார்.

முதல் குடம் நிரம்பியது, பின்னாலேயே மற்ற குடங்களும் நிரம்பின. மேளம் தொடங்கியது. ஊர்வலம் சென்னகிருஷ்ணன் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணன் நேராகப் பார்த்தபடி தாண்டினார். இரண்டாம் குடம் தாண்டியது, மூன்றாம் குடம் தாண்டியது. என் முறை வந்தபோது நான் தோளில் துண்டைச் சரிசெய்தேன். துண்டு சரியாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் கவிப்ரியா படியருகே போய் ஒரு சின்னக் குடத்தை நீட்டியதைப் பார்த்தேன், அவர் சொன்னதையும் கேட்டேன்.

"நீ வாங்கக் கூடாதும்மா. பேசாதவந்தான் வாங்கணும். உனக்கும் எனக்கும் பேச்சு இருக்குதே. அவன் திரும்பி வரட்டும், நான் வெச்சிருக்கறேன்."

அண்ணன் பதினாலு கிலோமீட்டரும் நடந்தார். கேலி பண்ண வந்தவன்தான் நான், ஆனாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கல் குத்தி உள்ளங்கால் இரண்டு இடத்தில் கிழிந்தது. அறுபத்திரண்டு வயதில் அது பெரிய காரியம். அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அவர் சாய்ந்து உட்கார்ந்தபோது, வரிசையாக எல்லாரும் காலில் விழுந்தார்கள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. இவ்வளவு தூரம் நடக்கத் தெரிந்த மனுசன்.

திரும்பும்போது கால் வீங்கி அவரால் நிற்க முடியவில்லை. வேன் சொன்னோம். ஊர் வழியாகப் போகலாமா என்று டிரைவர் கேட்டார். அண்ணன் நேராக ஓசூருக்கு விடச் சொன்னார். வேனில் நாங்கள் பதினாலு பேர் இருந்தோம், ஊர் வழியாகவே போ என்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் சென்னகிருஷ்ணன் படியிலேயே செம்போடு உட்கார்ந்திருந்ததாக, ஊரிலேயே தங்கிவிட்ட கவிப்ரியா சொன்னாள். அடுத்த குடம் இனி மூன்று வருசம் கழித்து. டாக்டர் அவருக்கு அவ்வளவு நாள் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் குரூப்பில் குரல் வந்தது. வழக்கம் முழுசாக மீட்கப்பட்டுவிட்டதாம்.

இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு இந்த மாதிரி ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். உங்கள் உறவிலோ தெருவிலோ கட்டாயம் இருப்பார், பெயரும் நாக்கு நுனியில் இருக்கும். இதை அவருக்கு அனுப்பி வைக்கலாமா என்றுகூட யோசித்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை யோசித்துவிடுங்கள். நீங்கள் எத்தனையோ வருசமாகப் பேசாமல் இருக்கிறீர்களே ஒருவரோடு, அவரும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்தான். இதே பக்கத்தை அவரும் இந்நேரம் படித்து முடித்திருக்கலாம். அவர் மனதில் வந்த பெயர் யாருடையது என்று நினைக்கிறீர்கள்?